மழைக்காலத்தில் கூஸ்கூஸ்: சுட்ட பரங்கிக்காயும் கிழங்கும் சேர்த்துச் சமைக்கும் முறை

ஐரோப்பாவில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை நீளும் இலையுதிர் காலத்தில் பரங்கிக்காய், கேரட், பீட்ரூட், கிழங்கு வகைகள் எல்லாம் ஒருசேரச் சந்தைக்கு வரும். அவற்றை ஓவனில் சுட்டு, கூஸ்கூஸுடன் சேர்த்து உண்பது அங்கே பல வீடுகளில் வழக்கம். புதுச்சேரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். இங்கே இலை உதிர்வதில்லை என்றாலும் அதே காய்கள் பெரிய மார்க்கெட்டில் தாராளமாகக் கிடைக்கின்றன. மழை நாளில் சூடாக உண்பதற்கும் இந்த உணவு மிகவும் ஏற்றது. முதன்முறையாகச் சமைப்பவர்கள் இரண்டை மட்டும் மனத்தில் கொண்டால் போதும். காய்களில் உள்ள ஈரம் வெளியேற வேண்டும். கூஸ்கூஸுக்குள் அளந்த ஈரம் மட்டுமே செல்ல வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் சார்ந்தே அமைந்துள்ளது.

கூஸ்கூஸ் என்பது என்ன?

டியூரம் என்னும் கடினமான கோதுமையின் ரவையில் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் உருட்டி, சல்லடையில் சலித்து, ஆவியில் வேகவைத்து உலர்த்திய சிறு மணிகளே கூஸ்கூஸ். மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, மவுரித்தேனியா ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து விண்ணப்பித்ததன் பேரில், இதைத் தயாரிக்கும், உண்ணும் மரபை யுனெஸ்கோ 2020ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மொராக்கோவில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் குடும்பமே ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து இதை உண்பது இன்றும் தொடர்கிறது.

பிரான்சுக்கு இது வட ஆப்பிரிக்காவிலிருந்து வேலை தேடிச் சென்ற தொழிலாளர்களோடும், 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றபோது அங்கிருந்து பெயர்ந்த குடும்பங்களோடும் பரவலாகச் சென்று சேர்ந்தது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்ததும் அதே 1962ஆம் ஆண்டில்தான். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டு அங்கே சென்ற நம் ஊர்க் குடும்பங்களின் சமையலறையிலும் கூஸ்கூஸ் மெல்ல இடம்பிடித்தது. விடுமுறைக்கு வரும் உறவினர்கள் சாக்லேட்டுடன் கூஸ்கூஸ் பாக்கெட்டையும் கொண்டுவந்து தருவது இங்கே புதிதல்ல. அப்படி வந்த பாக்கெட்டை என்ன செய்வது என்று தெரியாமல் அலமாரியில் வைத்திருப்பவர்களை எண்ணியே இதை எழுதுகிறேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் உடனடி வகை. அதாவது முன்பே ஆவியில் வெந்து உலர்ந்தது. மணியின் அளவில் சிறியது, நடுத்தரம், பெரியது என வகைகள் உண்டு. தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கு நடுத்தர மணியே நல்லது, ஏனெனில் தண்ணீர் சற்றுக் கூடினாலும் அது குழைந்துவிடாது. ஏறத்தாழ மிளகு அளவில் உருண்டையாக இருப்பது முத்து கூஸ்கூஸ்; அதைப் பாஸ்தாவைப் போலக் கொதிநீரில் வேகவைக்க வேண்டும் என்பதால் இந்தச் செய்முறைக்குப் பயன்படாது. சம்பா ரவையை மாற்றாகப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பதுண்டு. சுவையாக இருக்கும், ஆனால் அது வேகாத தானியம் என்பதால் ஒரு கப்புக்கு இரண்டு கப் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வேகவைத்தாக வேண்டும். கூஸ்கூஸ் கோதுமையில் செய்யப்படுவதால் குளூட்டன் ஒவ்வாதவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

பரங்கிக்காயைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. கூட்டுக்கு வாங்கும் பச்சைத் தோல் பிஞ்சு இதற்கு ஆகாது. அதில் சர்க்கரை குறைவு, நீர் மிகுதி. நன்கு முற்றிப் பழுத்து, தோல் மங்கிய மஞ்சளாகவும் சதை ஆழ்ந்த செம்மஞ்சளாகவும் உள்ள காயில் ஒரு பத்தை வெட்டித் தரச் சொல்லவும். வெட்டிய முகத்தைப் பார்த்தால் தெரியும்: நல்ல பரங்கியில் சதை நெருக்கமாக, விரல் நகம் எளிதில் இறங்காத அளவு இறுகி இருக்கும், விதைகள் தடித்து வெண்மையாக இருக்கும். வெட்டிய இடத்தில் நீர் கோத்து, நார் தளர்ந்து தொங்கினால் அந்தப் பத்தை வேண்டாம். காலையிலேயே வெட்டி அடுக்கியிருக்கும் பத்தைகளைவிட, முழுக் காயிலிருந்து அப்போது வெட்டி வாங்குவதே மேல்.

நான்கு பேருக்குத் தேவையான அளவு இது: கூஸ்கூஸ் 1½ கப், தோலும் விதையும் நீக்கிய பரங்கிக்காய் 400 கிராம், கேரட் 200 கிராம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு 200 கிராம், நடுத்தர பீட்ரூட் 1, சிறிய காலிஃபிளவரில் பாதி, உரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, ஊறவைத்து வேகவைத்த வெள்ளைக் கொண்டைக்கடலை 1 கப். சர்க்கரைவள்ளி பொங்கலை ஒட்டித்தான் நன்றாக வரும். அதற்கு முன் கிடைக்காவிட்டால் கேரட்டைக் கூட்டிக்கொள்ளவும். இவற்றுடன் ஆலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி, சீரகத்தூள் 1½ தேக்கரண்டி, மல்லித்தூள் 1 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ½ தேக்கரண்டி, சுக்குப்பொடி ¼ தேக்கரண்டி, ஒரு விரல் நீளப் பட்டை, உலர்திராட்சை 2 மேசைக்கரண்டி, எலுமிச்சம்பழம் 1, புதினாவும் கொத்துமல்லியும் ஒவ்வொரு கைப்பிடி, தேவையான உப்பு ஆகியவை வேண்டும். ஆலிவ் எண்ணெய் இல்லாதவர்கள் கடலை எண்ணெயைத் தயங்காமல் பயன்படுத்தலாம். நல்லெண்ணெயின் மணம் மற்ற மசாலாவை அமுக்கிவிடும். மொராக்கோவில் மேலே வறுத்த பாதாம் தூவுவார்கள். பண்ருட்டி முந்திரி பக்கத்திலேயே கிடைக்கும்போது நாம் பாதாமைத் தேடிப் போக வேண்டிய தேவையில்லை. இரண்டாக உடைத்த முந்திரி கால் கப் போதும்.

காய்களை ஆயத்தப்படுத்துதல்

கேரட், பீட்ரூட், சர்க்கரைவள்ளி ஆகியவற்றை இரண்டு சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாக வெட்டவும். பரங்கி விரைவில் மென்மையாகிவிடும் என்பதால் அதை மூன்று சென்டிமீட்டர் அளவில் வெட்டவும். காலிஃபிளவரை நம் வழக்கப்படி மஞ்சள்தூளும் உப்பும் கலந்த வெந்நீரில் போட்டு எடுப்பது அவசியம். மழைக்காலத்துப் பூவில் புழு இருக்கவே செய்யும். ஆனால் அப்படி எடுத்த பூவின் இடுக்குகளில் நிறையத் தண்ணீர் தங்கும். அதைத் தலைகீழாகத் துணியின் மேல் பரப்பி, மின்விசிறியின் கீழ் அரை மணி நேரம் வைக்கவும். மற்றக் காய்களையும் கழுவிய பின் சுத்தமான துணியால் துடைத்துவிடவும்.

இந்தத் துடைப்பைப் பலர் பொருட்படுத்துவதில்லை. எனக்கோ இதுவே எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. காயின் மேற்பரப்பில் தண்ணீர் இருக்கும் வரை அதன் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. தண்ணீர் வற்றி, சூடு சுமார் 140 டிகிரியை எட்டிய பிறகே சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் சுட்ட மணமும் தோன்றும். மழைக்கால ஈரக்காற்றில் காய் தானாக உலரும் என்று காத்திருக்க முடியாது. நாம்தான் துடைத்து எடுக்க வேண்டும்.

ஓவனில் சுடுதல்

முதலில் ஓவனை மேல் கீழ் இரண்டு கம்பிகளும் எரியும் நிலையில் 200 டிகிரி செல்சியஸில் வைத்து, 15 நிமிடம் சூடாக்கவும். அந்த நேரத்தில் ஓர் அகன்ற பாத்திரத்தில் கேரட்டையும் சர்க்கரைவள்ளியையும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், பாதி மசாலாத்தூள்கள், சிறிது உப்பு ஆகியவற்றுடன் பிசறவும். உப்பு காயிலிருந்து நீரை வெளியே இழுக்கும் என்பதால் ஓவனில் வைப்பதற்குச் சற்று முன்புதான் அதைச் சேர்க்க வேண்டும். பீட்ரூட்டைத் தனியாகப் பிசறி, தட்டின் ஒரு மூலையில் வைக்கவும். இல்லையென்றால் எல்லாக் காயும் சிவந்துவிடும்.

துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காக, இடையிடையே விரல் நுழையும் இடைவெளியுடன் இருக்க வேண்டும். நெருக்கி அடைத்தால் வெளிவரும் ஆவி போக வழியின்றிக் காய் அவிந்துபோகும். வீடுகளில் உள்ள சிறிய ஓவனில் இவ்வளவு காயும் ஒரே தட்டில் கொள்ளாது. இரண்டு முறையாகச் சுடுவதில் சலிப்படைய வேண்டாம். கிழங்கு வகைகளை 12 நிமிடம் சுட்டபின், பரங்கி, காலிஃபிளவர், சின்ன வெங்காயம், கொண்டைக்கடலை ஆகியவற்றை இன்னொரு மேசைக்கரண்டி எண்ணெய், மீதி மசாலா, சிறிது உப்பு ஆகியவற்றுடன் பிசறிச் சேர்த்து, மேலும் 20 முதல் 25 நிமிடம் சுடவும். நடுவில் ஒருமுறை தட்டை வெளியே எடுத்து, துண்டுகளைத் திருப்பிவிட்டு, முன்பக்கம் பின்பக்கமாக மாற்றி வைக்கவும்.

பரங்கியின் விளிம்பு கறுத்து, நடுப்பகுதி கத்தி முனைக்கு எதிர்ப்பில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. வெங்காயத்தின் வெளி இதழ் சுருங்கிப் பழுப்பாகி, தட்டில் ஒட்டிய இடத்தில் பாகு கசிந்திருக்கும். அந்தப் பாகைச் சுரண்டி எடுத்துக்கொள்ளவும், அதில்தான் சுவை திரண்டிருக்கிறது.

ஓவன் இல்லாதவர்கள் கனமான இரும்புத் தோசைக்கல்லைப் பயன்படுத்தலாம். கேரட், பீட்ரூட், கிழங்கு ஆகியவற்றை இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து எடுத்து, நன்கு உலரவிட்டு, எண்ணெய் தடவிய கல்லில் மிதமான தீயில் மூடாமல் ஒவ்வொரு பக்கமாகச் சுடவும். பரங்கியை ஆவியில் வைக்காமல் நேரடியாகவே கல்லில் போடலாம். மழை நாளில் இடையில் மின்சாரம் நின்றுபோனாலும் இதே வழிதான். சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் ஓவன் ஓடாது.

கூஸ்கூஸை ஊறவைத்தல்

ரவை உப்புமா கிண்டிப் பழகிய கை, கூஸ்கூஸையும் கொதிக்கும் தண்ணீரில் கொட்டிக் கிளறவே முனையும். அப்படிச் செய்தால் மணிகள் உடைந்து களியாகிவிடும். முன்பே வெந்த பண்டம் என்பதால் இதற்கு அடுப்பே தேவையில்லை. உலர்த்தியபோது இழந்த நீரைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

அகலமான, இறுக்கமான மூடியுள்ள பாத்திரத்தில் கூஸ்கூஸைக் கொட்டி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, எல்லா மணிகளிலும் எண்ணெய் படும்படி விரல்களால் தேய்க்கவும். மணிகள் பின்னர் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பது இதனால்தான். கூஸ்கூஸ் அளந்த அதே கப்பால் 1½ கப் தண்ணீரும் கூடுதலாக இரண்டு மேசைக்கரண்டியும் எடுத்து, பட்டை, உலர்திராட்சை, முக்கால் தேக்கரண்டி உப்பு சேர்த்துக் கொதிக்கவிடவும். கொண்டைக்கடலை வேகவைத்த நீர் இருந்தால் தண்ணீருக்குப் பதிலாக அதையே பயன்படுத்துங்கள். அதில் உப்பு இருந்தால் இங்கே குறைத்துக்கொள்ளுங்கள். தளதளவென்று கொதித்ததும் கூஸ்கூஸின் மேல் சீராக ஊற்றி, பாத்திரத்தை ஒருமுறை அசைத்து மட்டமாக்கி, மூடிவிடவும். ஏழு நிமிடம் திறக்கவோ கிளறவோ கூடாது.

பிறகு பட்டையை எடுத்துவிட்டு, முள்கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கீறிக் கீறி உதிர்க்கவும். கரண்டியால் கிளறினால் நசுங்கும். சிறு கட்டிகள் இருந்தால், கை பொறுக்கும் சூடு வந்ததும் இரு உள்ளங்கைகளுக்கு இடையே மெதுவாகத் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நடுவில் இன்னும் கடிபடுகிறது என்றால் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் தெளித்து மேலும் மூன்று நிமிடம் மூடி வைக்கவும். தண்ணீர் குறைந்தால் இப்படிச் சரிசெய்யலாம், கூடினால் வழியில்லை. ஆகவே கண்ணளவில் ஊற்றாமல் அளந்தே ஊற்றவும்.

சேர்த்துப் பரிமாறுதல்

மீதமுள்ள ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் முந்திரியைப் பொன்னிறமாக வறுத்து, அந்த எண்ணெயுடனே கூஸ்கூஸில் சேர்க்கவும். அரை எலுமிச்சையின் சாற்றைப் பிழிந்து, நறுக்கிய புதினா, கொத்துமல்லியில் பாதியைக் கலக்கவும். அகன்ற தட்டில் கூஸ்கூஸை மேடாகக் குவித்து, சுட்ட காய்களை மேலே வைத்து, பீட்ரூட்டைக் கடைசியாக வைக்கவும். மீதிப் புதினா, கொத்துமல்லியைத் தூவி, எஞ்சிய எலுமிச்சையைத் துண்டுகளாக்கிப் பக்கத்தில் வைத்தால் அவரவர் விருப்பம்போல் பிழிந்துகொள்வார்கள். சாம்பார் சாதத்துக்குப் பழகிய பெரியவர்களுக்கு இது வறட்சியாகத் தோன்றலாம். அவர்களுக்காகப் புளிக்காத தயிரில் பூண்டு ஒரு பல் தட்டிப்போட்டு, உப்பும் சீரகத்தூளும் சேர்த்துக் கடைந்து தரலாம்.

இதையே குழம்போடு உண்ண விரும்பினால் மொராக்கோ வழியைப் பின்பற்றவும்: தக்காளி, வெங்காயம், கொண்டைக்கடலை, இதே காய்கள் எல்லாவற்றையும் சுக்கு, பட்டை, மஞ்சளுடன் நீர்த்த குழம்பாக வேகவைத்து, அதை வெந்த கூஸ்கூஸின் மேல் ஊற்றுவார்கள். அங்கே கூஸ்கூஸ் வேகும் பாத்திரம் இரண்டு அடுக்குகள் கொண்டது. கீழே குழம்பு கொதிக்க, அதன் ஆவியில் மேலே கூஸ்கூஸ் வேகும். இட்லிப் பானையில் ஈரத்துணி விரித்து, தண்ணீர் தெளித்த கூஸ்கூஸைப் பரப்பிப் பத்து நிமிடம் ஆவியில் வைத்து, உதிர்த்து, மீண்டும் தண்ணீர் தெளித்து இன்னொரு முறை வைத்தால் ஏறத்தாழ அதே பதம் கிடைக்கும்.

மிஞ்சியதை நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. ஆறியதும் மூடி, ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் வெள்ளரிக்காயும் தக்காளியும் நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, குளிர்ந்த சாலடாக உண்ணலாம். பிரித்த பாக்கெட்டை அப்படியே விட்டால் மழைக்காலத்தில் ஈரம் ஏறி வண்டு வைத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி, முடிந்தால் அதையும் ஃபிரிட்ஜில் வைக்கவும்.