முகூர்த்த நேரத்தை ஐசிஎஸ் ஃபைலாக அனுப்புவது எப்படி?

காரைக்குடியில் கல்யாணம் என்றால் அழைப்பிதழ் சிங்கப்பூர், கோலாலம்பூர், லண்டன் வரை வாட்ஸ்அப்பில் போகும். கூடவே ஐசிஎஸ் ஃபைல் (காலண்டர் நிகழ்ச்சி ஃபைல்) ஒன்றையும் அனுப்பிவிட்டால் அவரவர் காலண்டரில் ஏற்றிக்கொள்ளலாம். பைத்தானில் செய்வோம். ஃபைலில் எழுதும் சொற்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், இங்கே உச்சரிப்பை மட்டும் தருகிறேன்.

2027 பிப்ரவரி 7, ஞாயிறு அதிகாலை 4:30க்குத் திருப்பூட்டு (தாலி கட்டுதல்) என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டேட்டைம் (தேதியும் நேரமும் சேர்ந்த மதிப்பு) உருவாக்கும்போதே ஸோன்இன்ஃபோ என்ற நேர மண்டல மாட்யூல் மூலம் 'ஏசியா/கொல்கத்தா' என்று ஊர்ப்பெயரைச் சேர்த்துவிடுங்கள். பைத்தான் 3.9 முதல் இது கூடவே வருகிறது, விண்டோஸில் மட்டும் டிஇசட்டேட்டா என்ற நேர மண்டலத் தகவல் பேக்கேஜைத் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும். பழைய கோடில் பைடிஇசட் என்ற நேர மண்டல லைப்ரரி இருந்தால் உஷார்! அதை நேராக டேட்டைமின் டிஇசட்இன்ஃபோவில் கொடுத்தால் இந்திய நேர வித்தியாசமான 5:30க்குப் பதில் அந்தக் காலத்துக் கல்கத்தா நேரமான 5:53 வரும், முகூர்த்தம் 23 நிமிடம் முன்னால் போய்விடும். நம் வீட்டு ஆச்சிமார் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றுங்கள். 5:30 மணி கழிந்து, தொடங்கும் நேர வரி ஃபைலில் இப்படி நிற்கும்:

டிடிஸ்டார்ட்:20270206டி230000இசட்

சனிக்கிழமை ஆகிவிட்டதே என்று தேதியைக் கையால் திருத்த வேண்டாம், அது சரிதான். சிங்கப்பூர் பெரியப்பாவுக்கு ஞாயிறு காலை 7 மணி என்றும், லண்டன் அண்ணனுக்குச் சனி இரவு 11 என்றும் காட்டும். கடைசியில் யுடிசி என்று காட்டும் இசட்டை விட்டுவிட்டு உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதினால், எல்லோருக்கும் அவரவர் ஊர் 4:30 என்றே காட்டும். பெரியப்பா வீடியோ காலில் வரும்போது இங்கே மணி ராத்திரி 2.

முழுநாள் நிகழ்ச்சிக்கு, பிள்ளையார் நோன்பு மாதிரி, நேரமே வேண்டாம். வேல்யூ=டேட் போட்டு வெறும் தேதி மட்டும். ஆனால் முடிவைக் குறிக்கும் டிடிஎண்ட் என்பது நிகழ்ச்சி முடிந்த மறுநாள்: 6, 7 இரண்டு நாள் விசேஷம் என்றால் 20270208.

அப்புறம் யுஐடி (நிகழ்ச்சிக்கான தனி அடையாளம்), டிடிஸ்டாம்ப் (ஃபைலை உருவாக்கிய நேரம்) இரண்டும் கட்டாயம். ஒரு வரி 75 பைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதும் விதி. தமிழில் ஒரு 'கா' போட்டாலே 6 பைட் போய்விடும், அதனால் வரி மடிக்கும் (நீண்ட வரியைத் துண்டாக்கி அடுத்த வரியில் தொடரும்) வேலையை ஐகாலண்டர் லைப்ரரியிடம் விட்டுவிடுங்கள்.

அனுப்பும் முன் போனின் டைம் ஸோனை லண்டனுக்கு மாற்றி ஃபைலைத் திறந்து பாருங்கள். சனி இரவு 11 வந்தால் குரூப்பில் போட்டுவிடலாம்.