வணிக வளாக மனையில் மழைநீர் வடிகால்: கணக்கை வெளியேறும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

சென்னை ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம் அலுவலகமோ கடை வளாகமோ கட்டுகிறவர்கள் மழைநீர் வரைபடத்தைப் பெரும்பாலும் மொட்டைமாடிக் குழாயிலிருந்து வரைகிறார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வரைவதே சரி. சாலை வடிகாலின் அடிமட்டம் என்ன, அடைமழையில் அதில் எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கும்? இந்த இரண்டும் தெரிந்த பிறகுதான் மற்ற கணக்கெல்லாம். இந்தப் பகுதி தட்டையானது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்து நீர் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, பிறகு முகத்துவாரம் வழியே கடலுக்குப் போக வேண்டும். கால்வாய் நிரம்பி, கடலும் ஏற்றத்தில் இருந்தால் சாலை வடிகாலில் நீர் அசையாது.

ஆட்டோ லெவல் (நில உயரம் அளக்கும் கருவி) வைத்து, ஒரு நிலையான புள்ளியை அடிப்படையாகக் கொண்டு மனை முழுக்க 10 மீட்டர் கட்டங்களாக மட்டம் எடுங்கள். சாலையின் நடு, வடிகாலின் அடி, பக்கத்து மனைகள் ஆகியவற்றின் மட்டமும் அதே புள்ளியிலிருந்து வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருவில் நெடுநாள் இருப்பவர்களிடம் கேட்டு, அதையும் வரைபடத்தில் குறியுங்கள். புலப்படத்தில் (வருவாய்த் துறையின் நில அளவை வரைபடம்) வாய்க்கால் தெரிந்தால் அதை மண் கொட்டி மூடாதீர்கள். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றில் சிக்கல் வரும் என்பது ஒரு பக்கம். போக வழியில்லாத நீர் உங்கள் மதிலையே தள்ளும் என்பது இன்னொரு பக்கம்.

எவ்வளவு நீர் வரும்

ஒரு ஹெக்டேர் மனையை எடுத்துக்கொள்வோம். கூரை 4,000 ச.மீ., கான்கிரீட் தளமும் வண்டிப்பாதையும் 4,000, புல்தரை 2,000. வழிந்தோடும் விகிதம் (பெய்த மழையில் தரையில் ஓடிவரும் பங்கு) முறையே 0.95, 0.9, 0.25 என்றால் பரப்புவாரிச் சராசரி 0.79. மழை மணிக்கு 75 மி.மீ. என்று வைத்தால்:

0.79 × 75 × 1 ÷ 360 = விநாடிக்கு 0.165 கன மீட்டர், அதாவது 165 லிட்டர். (1 என்பது ஹெக்டேர்; 360 அலகு மாற்றத்துக்கான எண்.)

கட்டடம் வருவதற்கு முன், விகிதம் 0.3 ஆக இருந்தபோது, அதே மழையில் போனது 62 லிட்டர்தான். அந்த 62-ஐ மட்டும் வெளியே விட்டு மிச்சத்தை ஒரு தொட்டியில் தேக்க வேண்டும். ஒரு மணி நேர மழைக்கு வரும் நீர் 592 கன மீட்டர், போவது சுமார் 225, தேங்குவது 367.

இதோடு நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. மணிக்கு 55 மி.மீ. வீதம் இரண்டு மணி நேரம் பெய்தால் வரவு 869, போக்கு 450, தேக்கம் சுமார் 420 கன மீட்டர். வேகம் குறைந்த மழைக்குத்தான் பெரிய தொட்டி தேவைப்படுகிறது. அரை மணி முதல் ஆறு மணி நேரம் வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, அதிகமாக வருவதை எடுங்கள். மேலே உள்ள மழை வேகங்கள் உதாரணத்துக்காக வைத்தவை. உண்மையான எண்களை மீனம்பாக்கம், நுங்கம்பாக்கம் நிலையங்களின் மணிவாரிப் பதிவிலிருந்து பெறுங்கள்.

வடிகாலும் வாட்டமும்

500-க்கு 1 வாட்டத்தில், 450 மி.மீ. அகலமும் 450 மி.மீ. நீராழமும் உள்ள கான்கிரீட் வடிகால் விநாடிக்குச் சுமார் 170 லிட்டர் கடத்தும். கணக்குக்கு அது போதும். ஆனாலும் 600 அகலம் போடுங்கள். தூர் வாருபவரின் மண்வெட்டி உள்ளே திரும்ப வேண்டும். நீரின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே போனால் வண்டல் படியும்.

100 மீட்டர் நீள வடிகால் இந்த வாட்டத்தில் 200 மி.மீ. இறங்கும். நீராழம், மேலே விடும் 150 மி.மீ. இடைவெளி எல்லாம் சேர்ந்து கடைசியில் 800 மி.மீ. ஆழம். சாலை வடிகாலின் அடி அதைவிட மேலே இருந்தால் நீர் தானாகப் போகாது. முதலில் மட்டம் எடுக்கச் சொன்னது இதற்குத்தான்.

தொட்டியின் வாய்

1.5 மீட்டர் நீர் நிற்கும்போது 150 மி.மீ. துளை விநாடிக்குச் சுமார் 57 லிட்டர் விடும். துளைக்கு முன்னால் கம்பி வலை, வெளிப்பக்கம் ஃபிளாப் வால்வு (நீரை வெளியே மட்டும் விடும் மடிப்புக் கதவு). வால்வு இல்லாவிட்டால் தெருத் தண்ணீர் உள்ளே வந்து தொட்டியை நிரப்பிவிடும். தொட்டியின் அடி சாலை வடிகாலைவிடத் தாழ்ந்திருந்தால் பம்பு தேவை: விநாடிக்கு 10 லிட்டர் இறைக்கும் இரண்டு பம்புகள், ஜெனரேட்டர் இணைப்போடு. ஒன்று ஓடினாலே 420 கன மீட்டர் 12 மணி நேரத்தில் காலியாகும். வடிகால் நிரம்பியிருக்கும்போது இறைப்பதில் பயனில்லை. அதே தண்ணீர்தான் திரும்பி வரும்.

எந்தத் தொட்டியும் ஒருநாள் நிரம்பும். அன்று வழியும் நீர் கட்டடத்துக்குள் வராமல் சாலைக்குப் போக, மதிலில் தாழ்வான திறப்பு ஒன்று விடுங்கள். தரைத்தளம் அதைவிட 300 மி.மீ.-ஆவது உயரமாக இருக்கட்டும்.

உறைகிணறுகளைத் தேக்கக் கணக்கில் சேர்க்காதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் அவை எப்படியும் இருக்கும். ஆனால் களிமண்ணில் நீர் மெதுவாகவே இறங்கும். நவம்பரில் நிலத்தடி நீர் ஏறி, உறை கீழிருந்தே நிரம்பியிருக்கும். அவற்றுக்குக் கூரை நீரை மட்டும் விடுங்கள், அதுவும் வண்டல் தொட்டி வழியாக. வண்டி நிறுத்துமிடத்து எண்ணெய் கலந்த நீர் போகக் கூடாது.

அடித்தள வாகன நிறுத்தத்துக்குச் சரிவுப்பாதையின் உச்சியில் சாலையைவிட 300 மி.மீ. உயரத்தில் ஒரு மேடு, அடியில் குறுக்கே கிரேட்டிங் வடிகால். இவற்றைச் செய்த பிறகும் நீர் வந்தால் மின்கேபிள் நுழையும் குழாய்களைப் பாருங்கள். பலர் அடைக்க மறக்கும் ஓட்டை அது.

கட்டுமானம் நடக்கும்போது

மண்வேலையைச் செப்டம்பருக்குள் முடியுங்கள். அஸ்திவாரம் தோண்டும் முன்பே மனையைச் சுற்றி வாய்க்காலும், தாழ்ந்த மூலையில் வண்டல் குட்டையும் வெட்டுங்கள். திறந்து கிடக்கும் மண் ஒரு ஹெக்டேருக்கு 250 கன மீட்டர் கொள்ளளவு நல்ல அளவு. லாரி வெளியேறும் வழியில் 15 மீட்டர் நீளத்துக்கு 50 முதல் 75 மி.மீ. ஜல்லியை 150 மி.மீ. கனத்தில் பரப்புங்கள். வண்டலை நிறுத்தத் துணித் தடுப்பு வைத்தால் அதன் அடியை 150 மி.மீ. மண்ணுக்குள் புதைக்க வேண்டும். மேலே மட்டும் கட்டினால் நீர் கீழே அரித்துக்கொண்டு போய்விடும். வண்டல் தடுப்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் அள்ளுங்கள். குழியிலிருந்து இறைக்கும் சேற்றுநீரை நேரே சாலை வடிகாலில் விட்டால், மழை வரும்போது அடைபடுவது உங்கள் வாசல்தான்.

பராமரிப்பு

செப்டம்பரில் ஒருமுறை, தீபாவளியை ஒட்டி ஒருமுறை தூர் வாருங்கள். பெருமழை பெய்த மறுநாள் ஃபிளாப் வால்வைத் திறந்து பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டில் சிக்கினால் போதும், அது மூடாது. தொட்டி 72 மணி நேரத்துக்குள் காலியாகாவிட்டால் கொசு பெருகும். அடியில் வாட்டம் தப்பித் தேங்கும் பள்ளம் இருந்தால் கோடையிலேயே பூசி நிரவிவிடுங்கள்.