பலூன் தொலைநோக்கி: ஏவுதளத்துக்கு அனுப்பும் முன் தரையில் செய்யும் சோதனைகள்

கண்ணாடிகளைச் சீரமைத்து, மென்பொருளை ஏற்றி, தொலைநோக்கியைக் கோண்டோலாவில் (பலூனுக்கு அடியில் தொங்கும் சட்டகம்) பூட்டியாயிற்று என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: வெற்றிட அறை

பலூன் மிதக்கும் 35 முதல் 40 கி.மீ. உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 6 முதல் 3 மில்லிபார்தான். ஏறும் வழியில் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே குளிரும். மேலே போனபின் தொல்லை கொடுப்பது சூடு. விசிறி சுழன்றாலும் வெப்பத்தை அள்ளிப்போகக் காற்று இருக்காது. அதனால் கணினியின் செயலியிலிருந்து சட்டகம்வரை கனமான செம்புப் பட்டை போடுங்கள். வெப்பம் வெளியேறும் முகத்துக்கு வெள்ளைப் பெயின்ட்.

அடுத்தது உயர் மின்னழுத்தம். இங்கே அவசரமே கூடாது. அழுத்தம் குறையக் குறையக் காற்றின் மின்காப்புத் திறன் விழுந்துகொண்டே போகும். ஒரு கட்டத்துக்குப் பின் மறுபடி ஏறும். இதுதான் பாஷன் விதி. காப்புத் திறன் மிகக் குறைந்திருக்கும் அந்தப் பள்ளத்தின் அடியில் சுமார் 330 வோல்ட்டிலேயே பொறி தாவிவிடும். அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கினால் ஏறத்தாழ 1 மில்லிபார்-செ.மீ. வரும் இடம் அது. 5 மில்லிபாரில் 2 மி.மீ. என்று கணக்குப் போடுங்கள்: சாதாரண கனெக்டரில் இரண்டு பின்களுக்கு நடுவே இருக்கும் தூரம்!

ஆகவே பம்பை முழுதாக ஓடவிட்டு, ஆழ்ந்த வெற்றிடத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடித்துவிடாதீர்கள். அங்கே தேறும் கருவி 5 மில்லிபாரில் பொறி விடலாம். 10, 5, 3 மில்லிபார் ஒவ்வொன்றிலும் நிறுத்தி, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றுங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வழியே ஊதா ஒளி தெரிகிறதா என்று பாருங்கள். மின்னோட்ட அளவையும் கவனியுங்கள். காப்புப் பூச்சுக்கு நான் எப்போதும் சிலிக்கோன்தான் சொல்வேன். எபாக்ஸி குளிரில் விரிசல் விடலாம், பழுதுபார்க்கப் பிரிக்கவும் முடியாது. எதை ஊற்றினாலும் உள்ளே குமிழி தங்கக்கூடாது. குமிழிக்குள் இருப்பதும் காற்றுதான்.

படி 2: தொங்கவிடுதல்

பறக்கும்போது தொங்குவதுபோலவே கிரேனில் தொங்கவிட்டு, இரவில் ஸ்டார் கேமராவால் (நட்சத்திரங்களைப் பார்த்துத் திசையறியும் கேமரா) நட்சத்திரத்தைப் பிடியுங்கள். கையால் லேசாகத் தள்ளி, குறி எவ்வளவு விரைவில் திரும்புகிறது என்று பாருங்கள். குளிரில் கேபிள் விறைத்து அச்சைப் பிடித்து இழுக்கும். மெல்லிய, நெகிழ்வான கேபிளுக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

படி 3: பாராசூட்டும் தரவும்

பாராசூட் விரியும் உதறலுக்கு 10 ஜி (புவியீர்ப்பைப்போல் 10 மடங்கு) வரை தாங்கும்படி சட்டகம் இருக்கவேண்டும். தரையிறங்கியபின்னும் ஆபத்து உண்டு. 2006 டிசம்பரில் அன்டார்க்டிகாவில் ஏவப்பட்ட பிளாஸ்ட் என்ற பலூன் தொலைநோக்கி தரையிறங்கியதும், அதைக் கழலாத பாராசூட் பனியில் இழுத்துக்கொண்டே போனது. கருவி சிதைந்தது, வன்தட்டுகள் கிடைத்ததால் தரவு தப்பியது. தரவுப் பெட்டியைத்தான் எல்லாவற்றிலும் உறுதியாகக் கட்டவேண்டும்.

படி 4: முழு ஒத்திகை

பலூன் குழுவின் ரேடியோக்கள் உட்பட எல்லாவற்றையும் ஒருசேர ஓடவிட்டு, டிடெக்டரில் இரைச்சல் ஏறுகிறதா என்று பாருங்கள். இதற்குப்பின் ஒரு கனெக்டரைக் கழற்றினாலும் ஒத்திகையை மறுபடி நடத்துங்கள்.

பிற்சேர்க்கை: முழுக் கோண்டோலாவும் நுழையும் வெற்றிட அறை இல்லையே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பெட்டி பெட்டியாகச் சோதிக்கலாம். ஆனால் பறக்கப்போகும் அதே உயர் மின்னழுத்தக் கேபிளும் கனெக்டரும் பெட்டியோடு அறைக்குள்ளேயே இருக்கட்டும். பொறி தாவுவது பெரும்பாலும் அங்கேதான்.