ராத்திரி மூன்று நாலு தடவை எழுந்து போகிறீர்களா? டாக்டரைப் பார்க்கும் முன் மூன்று நாள் அளந்து எழுதுங்கள்

அறுபது தாண்டிய ஆண் ராத்திரி அடிக்கடி ஒன்றுக்குப் போக எழுந்தால் உடனே புராஸ்டேட் (ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீக்கம் என்று சொல்லிவிடுகிறோம். பெண் எழுந்தால் வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம், ஏன் என்றுகூடக் கேட்பதில்லை. இரண்டுமே தப்பு. ராத்திரி எழுவதற்கு மூன்று வழி உண்டு: மூத்திரப் பை கொஞ்சம்தான் பிடிக்கிறது, அல்லது ராத்திரியில் மட்டும் நீர் அதிகம் ஊறுகிறது, அல்லது நாள் முழுக்கவே அதிகம் போகிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. எது என்று கண்டுபிடிக்க முதலில் வேண்டியது ஒரு நோட்டும் மில்லி கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜக்கும்தான்.

ஜக்கை பாத்ரூமிலேயே வைத்துவிடுங்கள், அது சமையலறைப் பக்கம் திரும்பப் போகவேண்டாம். காலையில் எழுந்ததும் போகும் முதல் நீரை அளக்கத் தொடங்கும் நாளில் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு அப்புறம் போவதையெல்லாம் மணியும் அளவும் போட்டு எழுதுங்கள், மறுநாள் காலை முதல் நீர் வரைக்கும். அதுதான் ஒரு நாள். இன்னொரு பத்தியில் குடித்ததை எழுதுங்கள்: தண்ணீர், காபி, டீ, மோர், ரசம், கஞ்சி எல்லாம். படுத்த நேரம், எழுந்த நேரம் கட்டாயம் வேண்டும். அவசரமாக ஓடினீர்களா, வழியிலேயே கசிந்ததா என்பதையும் பக்கத்தில் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். மூன்று நாள் போதும், அடுத்தடுத்த நாளாக இருக்கவேண்டும் என்றும் இல்லை, வெளியே போகாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எழுதியாச்சு, எப்படிப் படிப்பது? உதாரணத்துக்கு ஒருவரின் கணக்கைப் பாருங்கள். பகல் முழுக்கவும் படுக்கப் போகும் முன்பும் சேர்த்து 1000 மில்லி. அப்புறம் 12.40க்கு 350, 2.50க்கு 300, 5 மணிக்கு 300, காலை 6.30க்கு 250. படுத்த பிறகு போனதும் காலை முதல் நீரும்தான் ராத்திரிக் கணக்கு, ஆக 1200. மொத்தம் 2200ல் 1200, பாதிக்கு மேல். வயதானவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே ராத்திரியில் நீர் அதிகம் ஊறுகிறது என்று அர்த்தம் (இளவயதில் ஐந்தில் ஒரு பங்கு). இவருக்குப் பை நன்றாகவே பிடிக்கிறது, ஒரு தடவைக்கு 300, 350 போகிறது. புராஸ்டேட் மாத்திரை மட்டும் கொடுத்தால் இவர் எழுவது பெரிதாகக் குறையாது, பார்க்கவேண்டிய இடம் வேறு. இதற்கு நேர் எதிராக, பகலிலும் ராத்திரியிலும் ஒவ்வொரு தடவையும் 80, 60, 100 என்றே வந்தால், பை சுருங்கிப் பிடிக்கிறது அல்லது முழுக்கக் காலியாகவில்லை. அங்கேதான் புராஸ்டேட், நீர்த்தொற்று, அடக்க முடியாத அவசரம் எல்லாம் வருகிறது. நாள் முழுக்கச் சேர்த்து 70 கிலோ உள்ளவருக்கு 2800 மில்லிக்கு மேல் போனால், அதாவது கிலோவுக்கு 40 மில்லியைத் தாண்டினால், முதலில் சுகர் பாருங்கள், அப்புறம் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று பாருங்கள்.

ராத்திரியில் மட்டும் ஏன் ஊறுகிறது? இதைத்தான் யாரும் சொல்வதில்லை. சாயங்காலம் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? பகல் முழுக்கக் காலில் இறங்கிய நீர், படுத்தவுடன் ரத்தத்துக்குத் திரும்பி சிறுநீரகத்துக்குப் போகிறது, அதுதான் நடுராத்திரியில் வெளியே வருகிறது. இதய பலவீனம் இருக்கலாம், பிபிக்குச் சாப்பிடும் ஆம்லோடிபினால் வரும் கால் வீக்கமாகவும் இருக்கலாம். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கும் ராத்திரி நீர் அதிகம் ஊறும், பகலெல்லாம் தூங்கி வழிந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டில் உப்பு அதிகம் இருந்தாலும் இப்படித்தான். சுகருக்கு டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்கு நீர் கூடுதலாகப் போகும், அது அந்த மாத்திரையின் வேலையே, ராத்திரி சாப்பிடுகிறீர்கள் என்றால் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நீர் மாத்திரையின் நேரமும் அப்படியே, மதியத்துக்கு மாற்றினால் படுப்பதற்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

வீட்டில் இப்போதே செய்யக்கூடியது: படுக்கப் போவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே குடிப்பதைக் குறையுங்கள். ராத்திரி கஞ்சி, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால், மாத்திரையோடு ஒரு செம்புத் தண்ணீர், இவையெல்லாம் சேர்ந்தால் முக்கால் லிட்டர் ஆகிவிடும். மாத்திரைக்கு அரை டம்ளர் போதும். சாயங்காலத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். கால் வீங்குபவர்கள் மதியமோ சாயங்காலமோ ஒரு மணி நேரம் காலைத் தலையணையில் உயர்த்திப் படுங்கள், அந்த நீர் படுக்கும் முன்பே வெளியேறும். ராத்திரி எழ பயந்து பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள், நம் ஊர் வெயிலில் அது கல்லுக்கும் நீர்க்கடுப்புக்கும்தான் வழி. பாத்ரூம் வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும், எழுந்ததும் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். டாம்சுலோசின் என்ற புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். வயதானவர்கள் இடுப்பு ஒடிந்து படுப்பதில் பல நேரம் இந்தப் பாத்ரூம் நடைதான் காரணம் என்பதால் இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

டாக்டரிடம் போகும்போது நோட்டும் எல்லா மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். ஃபினாஸ்டிரைடு என்ற புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுபவர் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்கும்போது அதைக் கட்டாயம் சொல்லவேண்டும், அந்த மாத்திரை ஆறு மாதத்தில் பி.எஸ்.ஏ.வைப் பாதியளவுக்குக் குறைத்துக் காட்டும். ஸ்கேனுக்கு 'யூரின் நிறைய இருக்கவேண்டும்' என்று ஒன்றரை லிட்டர் குடிக்கவைத்து, வெடிக்கும் நிலைவரை காக்கவைத்தால், போய்விட்டு வந்த பிறகும் பையில் மிச்சம் அதிகமாகத் தெரியும். அடக்கமுடியவில்லை என்று சொல்லிவிடுங்கள், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை போய்விட்டு வந்து மிச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிலவற்றுக்கு நோட்டெல்லாம் வேண்டாம், நேரே போகவேண்டும். வலியே இல்லாமல் ஒரே ஒரு தடவை ரத்தம் வந்தாலும் அதைப் பார்த்தாகவேண்டும், தானாக நின்றுவிட்டது என்று விடக்கூடாது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் நீரில் எரிச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே. முக்கினாலும் சொட்டுகூட வராமல் அடிவயிறு உப்பினால் எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரி. புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சளி மாத்திரை சாப்பிட்ட பிறகு இப்படி அடைத்துக்கொள்வது நடக்கும், அதனால் கடையில் மாத்திரை கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம், இதுவரை இல்லாமல் புதிதாக ராத்திரியில் படுக்கை நனைகிறது என்றால் பை நிரம்பி வழிகிறதாக இருக்கலாம், சிறுநீரகத்தையே பாதிக்கும், வெட்கப்பட்டு துணியை ஒளித்து வைக்கும் பெரியவர்களிடம் வீட்டில் இருப்பவர்கள்தான் கேட்கவேண்டும்.