பெரிய பைனரி கோப்பிலிருந்து ஒரே ஓர் எண்ணை எடுப்பது எப்படி?

தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். இதை நாமே ஒரு பைனரி கோப்பிலிருந்து, அதாவது எண்களை உரையாக இல்லாமல் வெறும் பைட்டுகளாக வைத்திருக்கும் கோப்பிலிருந்து, படித்தெடுப்போம். பைத்தான் நிரல்மொழியில் நான்கு வரி போதும்.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் பதினொரு நாள் சுற்றிவந்து, நிலப்பரப்பை ரேடாரால் அளந்தது. எஸ்ஆர்டிஎம் எனப்படும் அந்த உயரத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு பாகைக்கு ஒரு பாகை கொண்ட சதுரம் ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. நமக்கு வேண்டியது என்11இ076.எச்ஜிடி.

முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். 2,59,34,402 பைட் இருக்க வேண்டும். உள்ளே 3601 வரிசைகள், வரிசைக்கு 3601 எண்கள், எண்ணுக்கு 2 பைட். பெருக்கினால் அதே தொகை வரும். தலைப்புத் தகவல் எதுவும் இல்லை, முதல் பைட்டிலிருந்தே உயரங்கள்தான். 28,84,802 பைட் என்று காட்டினால் அது 1201 வரிசை கொண்ட வேறு வகைக் கோப்பு. கீழே உள்ள கணக்கு அதற்குப் பொருந்தாது.

இனி இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சிகரம் ஏறத்தாழ 11 பாகை 24 நிமிடம் 9 நொடி வடக்கு, 76 பாகை 44 நிமிடம் 12 நொடி கிழக்கு. ஒரு நொடிக்கு ஒரு கட்டம், அதாவது ஓர் எண், என்பதால் கணக்கு எளிது. நெடுவரிசை 44 × 60 + 12 = 2652. வரிசையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கோப்பின் பெயர் தென்மேற்கு மூலையைச் சொல்கிறது. எண்களோ வடக்கு விளிம்பிலிருந்து தொடங்குகின்றன. ஆகவே 24 × 60 + 9 = 1449 என்பதை 3600இலிருந்து கழிக்க வேண்டும்: 2151. கழிக்க மறந்தால் மோயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் போய் விழுவீர்கள். பிழைச் செய்தி எதுவும் வராது, நம்பும்படியான ஓர் எண்தான் வரும். பைனரி கோப்பில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். அதனால்தான் உயரம் நன்கு தெரிந்த ஓர் இடத்தில் தொடங்கச் சொல்கிறேன்.

(2151 × 3601 + 2652) × 2 = 1,54,96,806. நேராக அந்த பைட்டுக்குத் தாவுவோம். கட்டளைகளை ஒலிக்கும் விதத்தில் தருகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மாறிகளின் பெயர் தமிழிலேயே இருக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

கோப்பு = ஓப்பன்("என்11இ076.எச்ஜிடி", "ஆர்பி")
கோப்பு.சீக்(15496806)
இரண்டு = கோப்பு.ரீட்(2)
உயரம் = இன்ட்.ஃப்ரம்_பைட்ஸ்(இரண்டு, "பிக்", சைன்டு=ட்ரூ)

"ஆர்பி"யில் உள்ள 'பி' முக்கியம். அதை விட்டால் பைத்தான் கோப்பை உரையாகப் படிக்க முயலும்.

"பிக்" என்பது உயர்ந்த இடமதிப்புள்ள பைட் முன்னால் வரும் முறை. 2637 என்ற எண் 10, 77 என்ற இரு பைட்டுகளாக இருக்கும்: 10 × 256 + 77. "லிட்டில்" என்று எழுதினால் 77 × 256 + 10, அதாவது 19,722 மீட்டர்! எவரெஸ்டைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். சைன்டு=ட்ரூ என்பது குறை எண்களும் வரலாம் என்று சொல்கிறது. அது இல்லாவிட்டால், கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் குட்டநாட்டு வயல் ஒன்றின் -2 மீட்டர், 65,534 ஆகிவிடும்.

கிடைக்கும் எண் 2637இலிருந்து சில மீட்டர் விலகியிருக்கலாம். ஒரு கட்டம் தரையில் ஏறக்குறைய 30 மீட்டர் அகலம். சிகரத்தின் நுனி அதில் கரைந்துவிடுகிறது. -32768 வந்தால் அங்கே அளவீடு இல்லை என்று பொருள். அதை உயரமாக எண்ணிச் சராசரியில் சேர்த்துவிடாதீர்கள்.

கிழக்கு மேற்காக ஒரு முழு வரிசை வேண்டுமானால், வரிசையின் தொடக்கத்துக்கு ஒரே சீக், பிறகு 7202 பைட் ரீட். வடக்கு தெற்காக என்றால் எண்கள் 7202 பைட் இடைவெளியில் சிதறிக் கிடக்கும். 3601 முறை தாவ வேண்டும். அந்த வேலைக்கு நம்பை என்ற பைத்தான் நூலகத்தின் மெம்மேப் நல்லது. வகையை ">ஐ2" (பிக் முறையில் இரண்டு பைட் முழு எண்) என்றும் வடிவத்தை (3601, 3601) என்றும் கொடுத்துவிட்டு, [:, 2652] என்று கேட்டால் அந்த நெடுவரிசை வந்துவிடும். கோப்பில் தேவைப்படும் பக்கங்களை மட்டும் இயங்குதளம் நினைவகத்துக்குக் கொண்டுவரும். மாறாக, முழுக் கோப்பையும் பைத்தான் பட்டியலாக மாற்றினால், ஒவ்வோர் எண்ணும் நினைவகத்தில் இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டிகளுக்கு மட்டுமே 100 எம்பிக்கு மேல் போய்விடும்.