சிங்கப்பூர் முதல் நியூயார்க் வரை: ஒரு நூலை வைத்தே கணக்குப் போடலாம்

இரண்டு ஊர்களுக்கு நடுவே விமானம் எவ்வளவு தூரம் பறக்கும் என்று அட்லஸில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். தட்டையான வரைபடத்தில் துருவப் பக்கத்தைக் கண்டபடி இழுத்து விரித்திருப்பார்கள். வீட்டில் பிள்ளைகளின் குளோப் இருந்தால் எடுங்கள், கூடவே ஒரு முழம் தையல் நூல்.

முதலில் நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் பிடித்து இறுக்குங்கள். விரலால் அழுத்தி வழிகாட்ட வேண்டாம். இழுக்க இழுக்க நூல் தானாக வழுக்கிக் குறுக்குவழியில் போய் நிற்கும். பசிபிக் பக்கம் போகும் என்று நினைத்திருப்பீர்கள். அது மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, வடதுருவத்தை உரசிவிட்டுக் கனடா வழியாக இறங்கும்!

இப்போது அதே நூலைப் பூமத்திய ரேகைமேல் வையுங்கள். 0 டிகிரியில் தொடங்கினால் 140ஐத் தொடாமல், 138 பக்கம் முடியும். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ.; அதை 360ஆல் வகுத்தால் டிகிரிக்கு 111 கி.மீ. ஆக 138 × 111 = 15,318 கி.மீ. துல்லியமான கணக்கு 15,350ஐ ஒட்டி வரும். நூலுக்கு இது போதாதா?

நூல் கோணியிருக்குமோ என்று சந்தேகமா? சிங்கப்பூர் கிழக்கே 104 டிகிரி, நியூயார்க் மேற்கே 74. கூட்டினால் 178, கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கம். அதனால் துருவம்வரை ஏறி இறங்கும் டிகிரிகளைக் கூட்டினாலே போதும். சிங்கப்பூரிலிருந்து துருவம் 88.6, அங்கிருந்து நியூயார்க் 49.4. மொத்தம் அதே 138. இந்தக் கூட்டல் எல்லா ஊர் ஜோடிக்கும் செல்லாது, நூல் செல்லும்.

அடுத்தது நேரம். பெரிய ஜெட் மணிக்குச் சுமார் 900 கி.மீ. பறக்கும் என்று வைத்தால் 17 மணி நேரம். ஆனால் கால அட்டவணையில் 18 மணிக்கு மேல் போட்டிருப்பார்கள். ஓடுபாதையில் ஊர்வது, ஏறுவது, இறங்குவதெல்லாம் அதில் சேர்த்தி. தவிர, பின்காற்று கிடைக்கும் என்று பெரும்பாலும் பசிபிக் வழியாகச் சுற்றியே போவார்கள். தூரம் கூடினாலும் காற்று தள்ளிவிடுவது லாபம்தான்.

சரி, டிக்கெட்டைப் பாருங்கள். இரவு 11:30க்குக் கிளம்பி மறுநாள் காலை 6:00க்கு இறங்குவதாக இருக்கிறதா? ஆறரை மணி நேரம் என்று ஏமாறாதீர்கள். நியூயார்க் கோடையில் 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதையும் கூட்டினால் பதினெட்டரை. நவம்பர் முதல் மார்ச் வரையான குளிர்காலக் கணக்கில் 13 கூட்டுங்கள்.

திரும்பும்போதுதான் பலர் கோட்டை விடுவார்கள். திங்கள் இரவு 10:30க்கு அங்கே ஏறினால் சிங்கப்பூரில் புதன் விடியற்காலைதான் இறங்குவீர்கள். ஓட்டல் அறையைச் செவ்வாய்க்குப் போட்டுவிடாதீர்கள்.