பெர்கனுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நார்வேயின் மேற்குக் கரைத் துறைமுகமான பெர்கனுக்குக் குடையை நம்பிப் போகாதீர்கள். அட்லாண்டிக் கடலின் ஈரக்காற்று ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் மோதி, வருஷத்தில் 200 நாளுக்கு மேல் மழையைக் கொட்டுகிறது. அதுவும் நேராக விழாது, சாய்வாக அடிக்கும். காற்று ஒரே வீச்சில் குடையை மடக்கிவிடும். தலைமூடியுள்ள ரெயின்கோட், மழை பேண்ட், தண்ணீர் புகாத ஷூ போதும். ஜீன்ஸ் நனைந்தால் அன்று முழுக்கக் காயாது.

குளிர்காலத்தில் எங்கும் பனி மூடிக் கிடக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தால் ஜனவரியில்கூட சராசரி வெப்பம் பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலேதான். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. பகலில் உருகிய பனி இரவில் உறைந்து, கல் பாவிய சரிவான சந்துகளைக் கண்ணாடியாக்கிவிடும். ஷூவுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் முள் பட்டையை அங்கே ‘ப்ரொடர்’ என்பார்கள். போன அன்றே ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்வதைவிட அது எவ்வளவோ மலிவு.

வெளிச்சத்தைக் கணக்கில் எடுக்காமல் திட்டம் போடுவதையும் நிறையப் பேர் செய்கிறார்கள். டிசம்பரில் சூரியன் காலை பத்து மணியை ஒட்டி எழுந்து, மூன்றரைக்கெல்லாம் இறங்கிவிடும். சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் பதினொன்றுக்குக் கிளம்பினால் பாதிப் பகல் போச்சு. ஜூனிலோ இரவு பதினொன்றுக்கு மேல்தான் அஸ்தமனம். அப்போது எதற்கு நடுப்பகலில், சொகுசுக் கப்பல்களில் வந்திறங்கும் கூட்டத்தோடு வரிசையில் நிற்க வேண்டும்? 1918 முதல் ஓடும் ஃப்ளோய்பானென் மலை ரயிலில் இரவு எட்டு மணிக்கு மேல் ஏறுங்கள். சுமார் 320 மீட்டர் உயரத்திலிருந்து துறைமுகம் முழுவதும் பொன்வெயிலில் தெரியும். நள்ளிரவுச் சூரியனை மட்டும் இங்கே தேடாதீர்கள். அதற்கு இன்னும் வெகுதூரம் வடக்கே போக வேண்டும்.

என்னைக் கேட்டால் மே மாதம்தான் நல்லது. மழை குறைவு, கூட்டமும் குறைவு. மே 17 அரசியலமைப்பு நாள். ஊரே பாரம்பரிய உடையில் கொடியோடு தெருவில் இறங்கும், கடைகள் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் பெரும்பாலான கடைகள் திறக்காது. அதனால் முந்தின நாளே ரொட்டி, பால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மழை என்று அறைக்குள்ளேயே முடங்கிவிடாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் பார்க்கும் வானிலைச் செயலியின் பெயர் ‘Yr’. நார்வே மொழியில் அந்தச் சொல்லுக்குத் தூறல் என்று அர்த்தம்! அதில் மணிவாரியாகப் பார்த்து, மழை விடுகிற நேரத்தை மலைக்கு வையுங்கள். பெய்கிற நேரத்தைத் துறைமுகத்தை ஒட்டிய பழைய பிரிக்கன் பகுதிக்கு வையுங்கள். 1702 தீ விபத்துக்குப் பின் மறுபடி கட்டிய, யுனெஸ்கோ 1979இல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மரக் கட்டடங்கள் உள்ள இடம் அது. பலர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இடையில் போகும் குறுகிய சந்துக்குள் நுழையுங்கள். காலடியில் பலகைத் தரை, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த சுவர்கள், மேலே அந்தக் காலத்தில் மூட்டை ஏற்றிய கப்பி, கூரை விளிம்பிலிருந்து சொட்டும் மழை, நனைந்த மரத்தின் வாசனை.